மேப்பு அண்ணாச்சியின் முக்கோண வண்டி

அம்மிக்கல்லோடு ஊர் சுற்றக் கிளம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பாளையங்கோட்டையில் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் மேப்பு அண்ணாச்சி. நில அளவை அலுவலகத்தில் கிராமப் படங்களை நகல் வரைவது அவர் வேலை. அவர் வரைந்ததை மூலப்படத்தோடு ஒப்பிட்டு, அதிகப்படியாக ஒரு கோடு விழுந்திருந்தாலும் அழிப்பது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகாதவன், ஞாயிற்றுக்கிழமைகளில் தப்பிக்கக் காரணம் இல்லாதவன்.

ஒருநாள் அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், சோறு பரிமாறிக்கொண்டே, "இம்புட்டு ஊரு வரையுதீகளே, ஒண்ணையாவது கண்ணால பாத்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் அப்போதே மறந்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. பார்த்தால் இரண்டு பேருமாகத்தான் பார்ப்பது, ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலைக் காப்பியை அந்த ஊரில்தான் குடிப்பது என்று முடிவெடுத்தார்.

சிக்கல் மதினிதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. அடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டார். ஓட்டல் பலகையைப் படிப்பதே பாவம் என்று நினைக்கிற சைவம். தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. திருச்செந்தூருக்குப் போனால்கூடக் கூஜாத் தண்ணீரும் தூக்குவாளிப் புளியோதரையும் கூடப் போகும். விளக்கு வைப்பதற்குள் மூன்றும் வீடு திரும்பிவிடும்.

வீட்டை விட்டு மதினி வரமாட்டார் என்றால் வீட்டையே வண்டியில் ஏற்றிவிடுவது என்று அண்ணாச்சி ஓர் அரசாங்க ஏலத்தில் பழைய வேன் ஒன்றை எடுத்தார். முற்பிறவியில் அது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சார வண்டி. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குத் தலைகீழான சிவப்பு முக்கோணம். அதன் கீழே எழுதியிருந்த வாசகத்தில் பாதி உதிர்ந்துபோய், 'குழந்தை வேண்டாம்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஜன்னலுக்கு மதினியின் பழைய சேலையில் திரை. ஐம்பது வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் எடுக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

மதினியை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் என்னை ஏற்றினார். குற்றாலம் போகலாம் என்றேன். "பஸ் போற ஊருக்கு நம்ம வண்டி எதுக்குவே?" என்று வாயை அடைத்துவிட்டார். ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வழி கிடைக்கும்வரை முன்னால் போய்க்கொண்டே இருப்போம். ஜில்லாவில் பாதி ஊர்களை நாங்கள் கண்டுபிடித்தது அப்படித்தான். ஒரு தடவை முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. அண்ணாச்சி நிதானமாகப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, ரோடு சரியாகத்தான் இருக்கிறது, ஊர்க்காரர்கள்தான் தப்பான இடத்தில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்றார்.

கொற்கைக்குப் போனோம். பாண்டியன் காலத்துத் துறைமுகம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் வண்டியை நிறுத்தியபோது தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. முக்கோணத்தைப் பார்த்ததும், கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்த வண்டி என்று அத்தனை பேரும் வாழைத்தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் விசாரித்தால், "எனக்கு எம்பது முடிஞ்சாச்சு. இனிமே யாருக்குவே பயப்படணும்?" என்றார். பழைய கடல் எங்கே இருந்தது என்று காட்டியவரும் அவர்தான்.

உவரியில் நேர்மாறு. சொட்டு மருந்து வண்டி வந்துவிட்டது என்று பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். மருந்துக்கு எங்கே போவது? மதினி காப்பிக்காகக் கட்டிக்கொடுத்திருந்த கருப்பட்டியை உடைத்து ஒவ்வொரு வாயிலும் வைத்தார் அண்ணாச்சி. ஒரு பிள்ளையின் கன்னத்தையும் தட்டாமல் விடவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அவருக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை.

திரும்பி வந்து மதினியைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு தடை. அம்மியில்லாமல் துவையல் எப்படி என்பார். அடுத்த வாரம் அம்மி ஏறியது. குடத்துத் தண்ணீர் எத்தனை நேரத்துக்கு என்பார். ஆற்றுத் தண்ணீர் நிரப்ப டிரம் ஏறியது. சாமி விளக்கு எங்கே என்பார். அதற்கு ஒரு விளக்கு மாடம் ஏறியது. வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது. மதினி மட்டும் ஏறவில்லை.

கடைசியில் அண்ணாச்சி என்னைத் தூது அனுப்பினார். அம்மி, டிரம், விளக்கு என்று நான் வரிசையாக எடுத்துச் சொல்ல, மதினி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலைநிமிராமல் சொன்னார்.

"ஒரு பிள்ளைக்காக நான் சுத்தாத கோயில் இல்ல தம்பி. குழந்தை வேண்டாம்னு எழுதின வண்டியில நான் எப்படி ஏறி உக்காருவேன்? இவுக கிட்டச் சொன்னா மனசு ஒடஞ்சுபோவாக."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கோணத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவர் வரைகிற பேனாவைத் திறந்தார், மூடினார். "தெனமும் அந்த வண்டியைச் சுத்தித்தானே வாரேன். கண்ணுல படலையேவே" என்றார். அப்படியே எழுந்து போய் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க வெயிலில் நின்று, பிளேடால் சுரண்டி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார். சிவப்பு முக்கோணத்தின்மேல் எங்கள் ஜில்லாவின் படத்தை வரைந்தார். மேற்கே பச்சையில் மலை, நடுவில் நீலமாக ஆறு, கிழக்கே கடல். வரைந்ததை நான்தான் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

மதினி வெளியே வந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நம்ம வீட்ட எங்கன காணோம்?"

"வீட்டத்தான் உள்ள வச்சிருக்கேம்லா" என்றார் அண்ணாச்சி.

மதினி வீட்டுக்குள் போய்விட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் காப்பி வடிகட்டியோடு வெளியே வந்து, வண்டியில் ஏறி, அம்மியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினார்கள். ஞாயிறு வந்தாலே காய்ச்சல் என்று பொய் சொன்னவன் நான். அன்றைக்குத் துண்டும் சோப்பும் எடுத்துவைத்த பையோடு போய் வாசலில் நின்றேன். அண்ணாச்சி பையைப் பார்த்தார். "வாரேன்வே, நீரு மெதுவா வீட்டுக்குப் போம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமை என்னிடம் ஒரு கடற்கரைக் கிராமத்துப் படம் சரிபார்க்க வந்தது. உவரிக்குத் தெற்கே, ஊரே இல்லாத மணலில் சின்னதாக ஒரு புள்ளி. மூலப்படத்தில் அது இல்லை. இது என்ன என்று கேட்டேன்.

"காப்பி குடிச்ச இடம்வே. ஒம்ம மதினி ரெண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சா."

மூலத்தில் இல்லாததை அழிப்பதற்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. அந்தப் புள்ளியை மட்டும் அப்படியே விட்டுவைத்து, சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன்.