வத்தல் சொல்தாவின் வாசல்

பாண்டிச்சேரியில் கார் வைத்திருந்த எந்தப் பணக்காரனையும் விட காரை அதிகமாகப் பயன்படுத்தியவர் வத்தல் சொல்தாதான். அவரிடம் கார் கிடையாது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; நேரில் கூப்பிடும்போது ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசியே என்போம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று சொல்தா. இவர் பெயருக்கு முன்னால் வத்தல் வந்த கதை வேறு.

தெருவுக்குப் பின்னால் ஒரு பார் இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. கடலூர் கார், விழுப்புரம் கார், மெட்ராஸ் கார் எல்லாம் எங்கள் தெருவில் வந்து நிற்கும். நிறுத்துகிறவன் வீட்டுப் படியை ஒட்டி நிறுத்திவிட்டுப் போவான். எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

தெரு குறுகல். ஒரு கார் நின்றாலே ரிக்‌ஷா நுழையாது. சொல்தா வீடு கடைசி வீடு. அவர் சம்சாரம் பிலோமி அம்மாவுக்கு மூச்சிழுப்பு. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். இழுப்பு கூடிவிட்டால் அந்த நிமிஷமே போக வேண்டும். தெரு முனை வரை அந்த அம்மாவால் நடக்க முடியாது. ரிக்‌ஷா படிக்கே வர வேண்டும். அந்த ரிக்‌ஷா என்னுடையது.

மற்ற வீட்டுக்காரர்கள் கார்க்காரனைத் திட்டுவார்கள். சொல்தா திட்ட மாட்டார். முதல் தடவை ஒரு கறுப்பு அம்பாசடர் வந்து நின்றது. உள்ளே போனார். அரிசி மாவைக் கிண்டினார். காரின் தலையில் வேட்டியை விரித்தார். வத்தல் பிழிந்தார். வரிசை வரிசையாக, பட்டாளம் நிற்கிற மாதிரி.

கார்க்காரன் வந்தான்.

"யோவ், என்னாய்யா இது?"

"வத்தல்."

"என் கார் மேல எதுக்குய்யா புழிஞ்ச?"

"என் வாசல்ல நின்னுச்சா, யாரோ எனக்குத்தான் அனுப்பிக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன். இன்னும் காயல. நாளைக்கு வாங்க."

அவன் கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் அவனே ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தான். "ஒடையாம எடுப்பா" என்று சொல்தா பக்கத்திலேயே நின்றார்.

இன்னொரு நாள் ஒரு ஃபியட். பார்பரைக் கூப்பிட்டு, பானட் மேல் ஏறி உட்கார்ந்து சவரம் செய்துகொண்டார். கார்க்காரன் ஓடி வந்தான். சொல்தா சோப்பு நுரையோடு கையைக் காட்டினார்.

"ஒரு பக்கந்தான் ஆயிருக்கு. இப்படியே எறங்குனா மரியாதையா இருக்காது. இருங்க."

பிலோமி அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"ஏங்க, போதும் வுடுங்க. சிரிச்சா எனக்கு இழுக்குது."

சொல்தா கார்க்காரனோடு பேசும்போதும் அந்தச் சன்னலைத்தான் பார்ப்பார். கார் போகட்டும் என்று பாதி செய்தார். மீதி அந்தச் சிரிப்புக்காகச் செய்தார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

வத்தல் சொல்தா என்ற பெயர் பார் முழுக்கப் பரவிவிட்டது. பயந்து பாதிப் பேர் வேறு தெருவுக்குப் போனார்கள். மீதிப் பேர் வேடிக்கைக்காகவே வந்து நிறுத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் வெள்ளைக் கார். அதன் பின்னால் இன்னொன்று. பக்கத்து வீட்டு அம்மா தெரு முனைக்கு ஓடி வந்து என்னைக் கூப்பிட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பிலோமி அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. சொல்தா காரை எடுக்கச் சொல்ல பாருக்குப் போயிருந்தார்.

அங்கே நடந்ததைப் பிறகு பாரில் வேலை செய்தவர் சொன்னார். எப்போதும் இஸ்திரி போட்ட பேன்ட் போடுகிற மனிதர், லுங்கியோடு செருப்பில்லாமல் போய் நின்றிருக்கிறார்.

"வெள்ளக் காரு யாருதுப்பா? கொஞ்சம் எடுங்க. என் சம்சாரத்துக்கு முடியல."

எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னா பெருசு, இன்னைக்கு வத்தலா, சவரமா?"

"இல்லப்பா. நெசமாத்தான்."

"நல்லா நடிக்கிறய்யா. ஒக்காரு, ஒரு கிளாஸ் போட்டுட்டுப் போ."

கை எடுத்துக் கும்பிட்டாராம். அதற்கும் சிரித்தார்களாம்.

நான் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நடந்தேன். முதுகு சுவரில் உரசித் தோல் போயிற்று. தெரு முனையில் வண்டியில் வைத்தேன்.

"கன்னியப்பா, அவுரு எங்க?"

"வந்துட்டே இருக்காரும்மா."

நிற்கவில்லை. மிதித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் வரை பின்னால் இழுப்புச் சத்தம் கேட்டது. கேட்டுக்குள் நுழையும்போது கேட்கவில்லை. சொல்தா ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் கொஞ்சம் நின்றிருந்தால் உயிரோடு முகத்தையாவது பார்த்திருப்பார். நின்றிருக்கவும் முடியாது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார் ஒன்று தெருவுக்குள் வந்தது. சொல்தா வெளியே வந்தார். இன்றைக்கு இவன் தொலைந்தான் என்று நினைத்தேன். அவர் காருக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டினார்.

"வா... வா... லெஃப்டுல ஒடி... இன்னும் வா. போதும்."

வாசலை ஒட்டி நிறுத்தவைத்தார்.

"என்னா முசியே, நீங்களே நிறுத்தச் சொல்றீங்க?" என்றேன்.

"நிக்கட்டும்பா. இனிமே இங்கேர்ந்து யாரு அவசரமாப் போவணும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம், எந்தக் காரும் வருவதற்கு முன்னால் என் ரிக்‌ஷாவைக் கொண்டுபோய் அவர் வாசலில் குறுக்கே நிறுத்தினேன். வந்து திட்டட்டும் என்றுதான் நிறுத்தினேன்.

வந்தார். வண்டியைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.

"எங்க போவணும் முசியே?"

"எங்கயும் வேணாம். நில்லு."

பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

நான் வண்டியை எடுக்கவில்லை.