தொட்டி இல்லாத பாய்லர்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிப் பிழைத்தவர்கள் வளைகுடாவில் நிறையப் பேர். அவர்களில் நான் கொஞ்சம் விசேஷமானவன். நன்றாகத் தெரிந்த ஒன்றை மறந்துவிட்டு மாட்டிக்கொண்டவன்.

இரண்டாயிரங்களின் நடுவில் துபாய்ப் பக்கம் அல் ஐனில் இருந்தேன். எங்கள் அர்பாப் (முதலாளி, ஸ்பான்சர், என் பாஸ்போர்ட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தவர், எல்லாம் ஒரே ஆள்) ஒரு சின்ன மெயின்டனன்ஸ் கம்பெனி நடத்தினார். நான் அதில் பிளம்பர். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பெண் பார்த்து, மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை கல்யாணம். சனிக்கிழமைக்கு டிக்கெட். லீவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஐரோப்பா போயிருந்த அர்பாப், தங்கிய வீட்டின் சுவரில் ஒரு பாய்லரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, அதே மாதிரி ஒன்றைக் கார்கோவில் கொண்டுவந்துவிட்டார். கண்டென்சிங் காம்பி பாய்லர். கேஸில் ஓடும். புகையோடு வீணாகப் போகும் சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சேர்த்து வைக்கத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்த பிறகுதான் சுடவைக்கவே ஆரம்பிக்கும்.

"தெரியுமா?" என்று கேட்டார். பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் "தெரியும்" என்றேன்.

"பாய்லர் கலாஸ், லீவு ஓகே" என்றார். முடித்தால் லீவு. வியாழன் மாலை அவர் மகனுக்குக் கல்யாணம். அதற்குள் மாட்டி, வருகிற சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

கேஸ் இணைப்பைக் கம்பெனியின் கேஸ் ஆள் கொடுத்தார். மற்றதெல்லாம் என் கைவேலை. படம் போட்ட புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உழைத்தேன். கீழே சொட்டும் நீருக்கு மெல்லிய பைப் போட்டேன், புகைக்குச் சுவரில் ஓட்டை போட்டேன். வீட்டுக்குள் பரணில் கிடந்த பழைய கரண்ட் ஹீட்டரைக் கழற்றி இறக்கினேன். ஆள் உயரத் தொட்டி அது. பழைய இரும்பு எடுக்கிற பாகிஸ்தான் பட்டாணிக்காரர் வியாழன் காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மதியம் குழாயைத் திறந்தேன். ஆவி பறந்தது. அர்பாப் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் நான் பாதி வழி ஊருக்குப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை குளிக்கப் போனார். நாலு அஞ்சுக்கு வீடே அதிர ஓர் அலறல்.

மாடிக்கு ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை அரபியில் கத்திக்கொண்டிருந்தார். (திட்டு எந்த மொழியில் இருந்தாலும் புரியும்.) உடனே பாய்லரை அணைத்தேன். மறுபடியும் அலறல். சுவிட்சை மறுபடி பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. அணைத்த பாய்லரிலிருந்து எப்படி வெந்நீர் வரும்?

சமையல்காரர் கனி பாய் மூச்சிரைக்க ஏறி வந்தார். ராமநாதபுரத்துக்காரர். "அந்தப் பழைய தொட்டி எங்க தம்பி?"

"இரும்புக்குப் போட்டாச்சு பாய். அது கரண்டுகூட இல்லாம சும்மாதானே கெடந்து?"

கனி பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா! இது ஜூலை மாசம். மொட்டமாடித் தொட்டியில தண்ணி கொதிக்குது. ஹீட்டர் சுவிட்சை அமத்திட்டா, ஏசிக்குள்ள கெடந்து அந்தத் தண்ணி ஆறிரும். மூணு மாசமா இந்த வீட்டுல சிவப்புக் குழாயிலதான் பச்சத்தண்ணி. அதைத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறியே!"

இது எனக்குத் தெரியாததா? லேபர் கேம்பில் நாங்களே முதல் நாள் வாளியில் பிடித்து, ஏசி ரூமில் ஆறவைத்துத்தானே காலையில் குளித்தோம்? அந்த வீட்டிலிருந்த ஒரே குளிர்ந்த தண்ணீரை நானே கழற்றி வண்டியில் ஏற்றி, டாட்டா காட்டி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் குடிதண்ணீர்க் கேன் இரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது. அந்த இரண்டும் மாப்பிள்ளையின் கண்ணிலிருந்த ஷாம்பூவுக்கே சரியாகப் போயிற்று. உடம்பெல்லாம் சோப்போடு அவர் உள்ளே நின்றார். வாசலில் கார்கள் ஹாரன் அடித்தன. அர்பாப் கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"ஐஸ்!" என்று கத்திவிட்டு, கம்பெனிப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு பறந்தேன். கடற்கரையில் பிறந்தவனுக்கு ஐஸ் என்றால் ஓர் இடம்தான் ஞாபகம் வரும். மீன் மார்க்கெட்டில் நாலு பெட்டி ஐஸை அள்ளிப் போட்டு, இருபது நிமிஷத்தில் திரும்பி, குளியல் தொட்டியில் கொட்டி வெந்நீரைத் திறந்துவிட்டேன். (தெருமுனை குரோசரியிலேயே சுத்தமான ஐஸ் பாக்கெட் கிடைக்கும் என்று கனி பாய் பிறகு சொன்னார்.)

மாப்பிள்ளை குளித்து, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அர்பாப் மகனைக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். ஒரு தடவை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"சமக்?" என்றார்.

சமக் என்றால் மீன். மாப்பிள்ளை தன் கையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊது என்கிற அகில் கட்டைப் புகையை மூன்று முறை உடுப்புக்குள் பிடித்தார்கள். நாற்றம் போகவில்லை, ஊதும் நெய்மீனும் கலந்து புதிதாக ஒரு வாசனை பிறந்தது. அதற்குமேல் நேரமில்லை. மாப்பிள்ளை காரில் ஏறிவிட்டார்.

அர்பாப் விறுவிறுவென்று உள்ளே திரும்பினார். அறைக்குப் போய் என் பாஸ்போர்ட்டை எடுத்தார். ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு அதோடு சேர்த்து என் கையில் வைத்தார். "யல்லா. ரூஹ்." போ என்று அர்த்தம். லீவில் போவதா, ஒரேயடியாகப் போவதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காகிதம் அரபியில் இருந்தது. கனி பாயிடம் நீட்டினேன். "குர்ஆன் ஓதின பழக்கத்துல எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன் தம்பி, அர்த்தம் கேக்காத" என்றார்.

வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே திங்கட்கிழமை பீடத்துக்கு முன்னால் நின்றேன். துபாய் மாப்பிள்ளை என்று நம்பிப் பெண் கொடுக்கிறார்களே என்று குனிந்த தலையை நான் நிமிர்த்தவே இல்லை. என்னை ரொம்ப அடக்கமான பையன் என்று மாமனார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் மனைவி மேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்த மாப்பிள மீன் நாத்தத்தோடயா கல்யாணத்துக்குப் போனாவ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, போன் போட்டுக் கேப்போம். இருந்தா இருக்கு, இல்லேன்னா இங்க பைப்பே இல்லியா?" என்றாள். அவள்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

எஸ்டிடி பூத்திலிருந்து அழைத்தேன். அர்பாபே எடுத்தார். பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, கத்தினார். குளிர்காலத்துக்குப் பாய்லர் ரொம்ப நல்லதாம். கோடைக்குத் தொட்டி எங்கே? வீட்டில் எல்லாரும் ஆறு நாளாக வெந்து சாகிறார்களாம். புதுத் தொட்டி வாங்கி வைத்திருக்கிறாராம். ஒரு மாசத்துக்குத்தான் லீவு எழுதியிருக்கிறார், ஒரு நாள் கூடக்கூடாது! அவ்வளவு இனிமையான திட்டை அதற்கு முன் நான் வாங்கியதில்லை.

போன வருஷம் என் கடைசி மச்சினனுக்குக் கல்யாணம். இந்தக் கதை தெரிந்த மாமியார், நான் குழாயில் கை வைத்துவிடக் கூடாதென்று, அன்று காலை என் ஸ்பேனரை நகைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மச்சினன் குளித்துவிட்டு வந்தான். உடுப்புப் போடவில்லை. துண்டோடு நேரே மேரியிடம் போய்க் கையை நீட்டினான். அவள் முழங்கைவரைக்கும் மோந்து பார்த்தாள். வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மீன் மணம் இல்ல" என்றாள். "சட்டையப் போடு."