தெளிந்த குழாயும் மாமாவின் வாயும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எனக்கொரு வியாதி இருந்தது. படிக்காதவர்கள் மருந்து விஷயத்தில் பொய் சொல்வார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

எழுபதுகளின் கடைசியில், பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் மாமாவுக்குக் காலில் புண். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகள் செல்வியைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். எனவே சோதனைக்குப் புண்ணின் சீழை நானே பஸ்ஸில் எடுத்துவந்தேன். (மடியில் வைத்துக்கொண்டு, சீர்வரிசை மாதிரி!)

வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பெனிசிலினைப் படிப்படியாகக் குறைத்து, எல்லாவற்றிலும் கிருமியை விட்டேன். மறுநாள் குழாய் கலங்கியிருந்தால் கிருமி வளர்கிறது என்று அர்த்தம். மிகக் குறைந்த மருந்து இருந்த குழாய்கூடப் பளிச்சென்று தெளிந்திருந்தது. ‘கிருமி செத்தது’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அதை நம்பி டாக்டர் கொடுத்த பெனிசிலின் மாத்திரையைச் சாப்பிட்டதும் புண் காய்ந்தது. மாத்திரை முடிந்த இரண்டாம் வாரமே மறுபடி உடைத்துக்கொண்டது.

எனக்குச் சந்தேகம் பிடித்தது. தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளில், மாத்திரையைப் பங்கு போடுவது வழக்கம். ஒருவருக்குக் கேட்ட மருந்து அடுத்த காம்பராக்காரருக்கும் கேட்கும் என்பார்கள். வீடு வீடாகப் போய், “மாமா ஒங்களுக்கு மாத்திரை தந்தாரா?” என்று விசாரித்தேன். எல்லோரும் இல்லையென்றார்கள். எல்லோருமே கூட்டு என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் லீவு போட்டு, வேளாவேளைக்கு நானே மாத்திரை கொடுத்தேன்.

“முழுங்கிட்டேன்யா.”

“வாயத் தொறங்க மாமா. நாக்கத் தூக்குங்க.”

லயமே கூடிவிட்டது. செல்வி வாசலில் நின்று, “எங்கப்பா என்ன, கொழுந்தையா திருடி வாயில வச்சிருக்காரு?” என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தைக் கடந்தபோது, கூடையோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்து ‘ஆ’வென்று வாயைத் திறந்தார்கள்.

புண் காய்ந்தது. மறுபடியும் உடைத்தது.

“என் வாக்க நம்பாதவனுக்கு எம்பொண்ணு எதுக்கு?” என்று மாமா கதவைச் சாத்திவிட்டார். நான் அடுத்ததாக, போலி மாத்திரை விற்றாரோ என்று மருந்துக்கடைக்கார நானாவைச் சந்தேகித்தேன்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்தவர். என் நோட்டைப் புரட்டியவர் அடிக்கோட்டில் நின்றார்.

“தம்பி, குழாய் தெளிஞ்சிருக்கெண்டு கண்டீர். சரி. செத்ததெண்டு எப்பிடிக் கண்டீர்?”

“வளரலையே ஐயா.”

“நீரும்தான் மூண்டு மாசமா வளரேல்லை. செத்தே போனீர்?”

தோட்டத்து ஆஸ்பத்திரி மூலம் மாமாவின் சீழைத் திரும்ப எடுக்கவைத்து, பழையபடி குழாய்களில் வைக்கச் சொன்னார். இந்த முறை தெளிந்த குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, மருந்தே இல்லாத, கிருமி வளர்க்கும் புதுத் தட்டில் தடவினார். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி! பெனிசிலின் அவற்றைக் கொல்லவில்லை, வளராமல் நிறுத்தித்தான் வைத்திருந்தது. மருந்து நின்றதும் எழுந்துகொண்டன. (அப்போதும் நான் ஐயாவின் கை சுத்தமில்லையோ என்று சந்தேகித்து, அவருக்குத் தெரியாமல் இரண்டு தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் வளர்ந்தது. இன்னொருவரின் சீழில் இருந்த கிருமியை அதேபோல் வைத்தேன். அந்தத் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை; அதைப் பெனிசிலின் நிஜமாகவே கொன்றிருந்தது.)

டாக்டர் இன்னொரு மருந்தையும் சேர்த்து ஊசி போட்டார். புண் ஆறியது. விரல் தப்பியது.

பூனாகலைக்குப் போய், லயத்து ஆட்கள் முன்னாலேயே சொன்னேன். “தப்பு என்னோடது மாமா. ஏமாத்துனது கிருமிதான்.”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதோட வாயத் தொறந்து பாத்தியா?”

சிரித்த கூட்டத்தில் முதல் சத்தம் செல்வியுடையது. அந்தத் தையிலேயே கல்யாணம்.

இப்போதும் நான் வீட்டில் சண்டை போட்டு ஓய்ந்து, பேசாமல் உட்கார்ந்தால், அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்: “அப்பா தெளிஞ்சுட்டாருன்னு யாரும் எழுதிறாதீங்க. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்.”