சம்பந்தி கிண்ணத்தில் அமீபா

கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணுக்குத் தெரிவது எதுவும் தெரியாது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் பழவேற்காட்டுக்குப் போனேன்.

முனைவர் பட்டத்துக்காக நான் தேடியது அமீபா. யார் வயிற்றிலும் குடியேறாமல் தண்ணீரில் தன்பாட்டுக்குத் திரியும் வகை. (அபூர்வமாக மனித உடம்புக்குள் புகுந்துவிடும். புகுந்தால் விபரீதம். அதனால்தான் ஆராய்ச்சி.) ஏரித் தண்ணீர் போதாதென்று, டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்துப் பாழுங்கிணற்றிலும் ஒரு புட்டி மொண்டுகொண்டேன். டச்சுக்காரர் காலத்து அமீபாவின் வாரிசைப் பிடித்து உலகப்புகழ் அடையப்போவதாக நினைப்பு.

அமீபாவை வளர்க்க, கடல்பாசி காய்ச்சி ஊற்றிய தட்டுகள் வேண்டும். ஆய்வகத்தில் அதை அகார் என்று கௌரவமாகச் சொல்வோம். நான் கொண்டுபோன தட்டுகளின்மேல் பொன்னேரி பஸ்ஸில் ஒரு மீன்கூடை உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அது ரம்ஜான் மாதம். நான் தங்கியிருந்தது தோழி நஸ்ரின் வீட்டில். நோன்பு திறக்கக் கடல்பாசி இனிப்பு இல்லாத வீடு அந்த ஊரில் ஏது? நஸ்ரினின் உம்மாவிடம் போய் நின்றேன்.

"சர்க்கரை, எசன்ஸ் எதுவும் வேணாம் உம்மா. வெறும் தண்ணியில காய்ச்சிக் குடுங்க."

"இன்னாம்மா இது, வாயில வெக்க முடியாதே!"

"எனக்கில்ல, அமீபாவுக்கு."

"பாவம், அதுவாச்சும் ருசியா துன்னக்கூடாதா?" என்று அலுத்துக்கொண்டே காய்ச்சி, கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். "கீழ்த்தட்டுல இருக்கறதுதான் உன்னுது" என்று சொல்லவும் சொன்னார். நான் அப்போது ஸ்பிரிட்டால் கை கழுவுவதில் மும்முரமாக இருந்தேன்.

பிற்பகல் சமையலறையில் ஆராய்ச்சி அரங்கேறியது. கையுறை, முகமூடி, காற்றிலுள்ள கிருமியை விரட்ட ஒரு மெழுகுவத்தி. மேல்தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். (ஆமாம், மேல்தட்டு.) அமீபாவுக்குத் தீனியாகக் கொண்டுவந்த பாக்டீரியாவைத் தடவி, கிணற்று நீரைச் சொட்டி, கிண்ணத்தின் அடியில் மார்க்கரால் 'டச்சு' என்று எழுதினேன். வெளியே வைத்தால் பூனை நக்கிவிடும் என்று மறுபடி ஃபிரிட்ஜிலேயே வைத்தேன். என்ன ஒரு முன்ஜாக்கிரதை!

அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டார் நோன்பு திறக்க வந்தார்கள். நஸ்ரினின் அக்காவுக்கு நிச்சயமானபின் அவர்கள் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல்முறை. எதிலும் குறை வந்துவிடக்கூடாதே என்று உம்மா காலையிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கூடத்தில் ஆண்கள் நோன்பு திறந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்று வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன். (நோன்பும் இல்லை, மதியம் பிரியாணி வேறு ஆகியிருந்தது.) நஸ்ரினின் வாப்பா ஒரு கிண்ணத்தை மாப்பிள்ளையின் வாப்பாவிடம் நீட்டினார்.

"உங்களுக்கு சுகர் ஆச்சே சம்பந்தி. சர்க்கரை போடாம, இளநீர்ல தனியா பண்ணது."

"கண்ணாடியாட்டம் இருக்கே!" என்று அவர் கிண்ணத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அடியில் என் கையெழுத்து தெரிந்தது. டச்சு.

கத்த வாய் திறந்தேன், வாய் நிறைய வடை. ஸ்பூன் அவர் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாய்ந்தேன். அத்தனை ஆண்களையும் தாண்டி ஓடி, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதரின் கையிலிருந்து கிண்ணத்தையும் ஸ்பூனையும் பிடுங்கினேன்.

"இன்னாம்மா," என்றார் அவர் பரிவாக, "அவ்ளோ பசியா?"

வடையை விழுங்கிவிட்டு உண்மையைக் கக்கினேன். கிணறு, கல்லறை, பாக்டீரியா, அமீபா, எல்லாம். உம்மாவின் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. கல்யாணம் நின்றது, அதுவும் என்னால் நின்றது என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சம்பந்தி கிண்ணத்தையே பார்த்தார். "எங்க முப்பாட்டனுங்க டச்சுக்காரனோட யாவாரம் பண்ணவங்க. அவங்களே அவன் கிணத்துத் தண்ணிய குடிச்சாங்களோ இன்னாவோ. நீ எனக்கு ஸ்பூன்ல ஊட்டப் பாத்தியே!" என்றவர், தொப்பை குலுங்கச் சிரித்தார். அப்புறம்தான் வீடே மூச்சு விட்டது.

உம்மா அவசரமாக ஃபிரிட்ஜைத் திறந்து வேறொரு கிண்ணம் கொண்டுவந்தார். கீழ்த்தட்டுக் கிண்ணம். அமீபாவுக்கென்று காய்ச்சிய வெறும் கடல்பாசி. சம்பந்தி சாப்பிட்டுப் பார்த்து, "இதான் பத்தியம்! ஒரு ருசியும் இல்ல. டாக்டரு கேட்டா சந்தோசப்படுவாரு" என்று இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினார். என் ஆராய்ச்சி அவர் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. பிடுங்கிய கிண்ணத்தை ஆய்வகத்துக்குத் தூக்கிப்போனேன். இளநீர் குடித்துப் பச்சைப்பசேலென்று பூஞ்சைதான் கொழுத்தது. அமீபா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்கும் எப்படியோ முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் போகிறேன். சம்பந்தி கடல்பாசிக் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கி, அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்ப்பார். பேரப்பிள்ளைகளும் வரிசையாகத் தூக்கிப் பார்க்கும். பிறகு அவர் தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவார்.

"மொதல்ல நீ துன்னும்மா. நீ முழுங்கினப்புறம் நான் தொடறேன்."