ஸ்டார்ட் நானாவின் பெற்றரி

புத்தளத்தில் எத்தனையோ பேர் ஓட்டுவதற்காகக் கார் வாங்கினார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்காக மட்டும் கார் வாங்கியவர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஸ்டார்ட் நானா ஒருவர்தான்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து கையில் ஒரு பையோடு நடந்து வந்தவர். யுத்தம் முடிந்ததும் பழைய கார் ஒன்று வாங்கினார். அவருடைய ஊரில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. உள்ளே போக அனுமதியில்லை. ஆனாலும் காரின் முதற் பயணம் அங்கே வாப்பாவை அடக்கிய கபுறடிக்குத்தான் என்று நேர்ந்துவிட்டார். மனுசிக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஓட்டோதான் பிடித்தார். கார் வாசலில் நின்று வழியனுப்பியது.

ஓடாத காரின் பெற்றரி செத்துப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் சுபஹு தொழுது வந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாப்பாவுக்காகக் குர்ஆனின் யாசீன் சூறாவை முழுதாக ஓதுவார். ஓதி முடிந்தால்தான் எஞ்சின் நிற்கும். புகை முழுவதும் என் சன்னலுக்குள். சின்ன சூறாவாக ஓதக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன சூறாவுக்குப் பெற்றரி ஏறாது, மாஸ்டர்."

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நின்ற இடத்தில் உறுமினால் சரியாக ஏறாது, மைனஸ் வயரைக் கழற்றிவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். பழைய பெற்றரி சும்மா கிடந்தாலும் இறங்கும், இடைக்கிடை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. எனக்கு நித்திரை வேண்டியிருந்தது.

படித்தவர் சொன்னால் சரி என்று உடனே கழற்றினார். பிறகு சத்தமில்லாத காருக்குள் இருந்து ஓதினார். நான் நன்றாகத் தூங்கினேன்.

அனுமதி கிடைத்த நாளன்று ஒழுங்கையே கூடிவிட்டது. கார் போய்ச் சேர்ந்தால் அடுத்தமுறை தானும் வருவதாக மனுசி சொன்னார். நானா வயரைப் பூட்டித் திறப்பைத் திருப்பினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். வயரைக் கழற்றச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார்.

"பெற்றரி பழசு. மாஸ்டர் என்ன செய்வார்?"

தள்ளினோம். கார் உருண்டுபோக ஒரு பள்ளம்கூட இல்லாத ஊர் இது. வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் தள்ளினேன். எஞ்சின் இருமி இருமி உயிர் பிடித்தது. என்னையும் ஏறச் சொன்னார். வழியில் நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். அங்கே ஆளில்லாத காடு.

மையவாடியில் பற்றை மண்டிக் கிடந்தது. செத்த பெற்றரி ஓடினாலும் ஏறாது, எஞ்சினை நிறுத்த முடியாது. நான் டிரைவர் சீட்டுக்கு மாறி அக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தேன். அவர் முள்ளை விலக்கி விலக்கிக் கல்லைக் கண்டுபிடித்து, பக்கத்தில் குந்தி ஓதினார். முடித்து வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. குனிந்து பெற்றோல் முள்ளைப் பார்த்தார். திரும்பிக் கபுறைப் பார்த்தார்.

"இன்னொருக்கா ஓதட்டா, மாஸ்டர்?"

"ஓதுங்க நானா," என்றேன். "நான் மிதிச்சுக்கொண்டிருக்கிறன்."