ஏரோ அண்ணன் ஜெர்மனி போன கதை

இந்த உலகத்தில் குறையில்லாத பொருள் ஒன்றைக்கூடக் காணாமலே அறுபது வயதைத் தொட்ட ஒரே மனிதர் எங்கள் ஏரோ அண்ணன்தான். முதலிபாளையத்தில் நான் குப்பை கொட்டும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் டி-சர்ட்டில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எது தென்பட்டாலும் அங்கே குட்டியாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதற்குப் பேர்தான் ஏரோ. அண்ணனின் சட்டைப் பையில் எந்நேரமும் ஏரோ ஷீட் இருக்கும். கழுத்தில் பிசிறு வெட்டும் கட்டர் கயிற்றில் தொங்கும். ‘நல்லாருக்கு’ என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதே இல்லை.

கேன்டீனில் தோசை ஒரு ஓரம் கருகியிருந்தால் தட்டில் ஏரோ. முதலாளி புதுக் கார் வாங்கி வந்து, “எப்படிண்ணா?” என்று பெருமையாகக் கேட்ட அன்று பின் கதவில் ஏரோ.

மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் விடவில்லை. “சித்தெ அசையாம இருங்க மாப்ள” என்று சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தொங்கிய நூலைக் கட்டரால் வெட்டிவிட்டு, “இப்பப் பேசலாமுங்க” என்றார். கல்யாணம் முடிந்த கையோடு அந்த மாப்பிள்ளை ஜெர்மனிக்கு வேலை வாங்கிக்கொண்டு போனதற்குக் காரணம் மாமனார்தான் என்று தையல் செக்‌ஷனில் ஒரு பேச்சு உண்டு.

அந்த ஜெர்மனியிலிருந்துதான் போன் வந்தது. மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. தாயில்லாத பெண். அண்ணன்தான் தலை பின்னிவிட்டு, டிபன் கட்டிக்கொடுத்து வளர்த்தவர்.

“அப்பா, பொறந்ததும் நீங்கதான் மொதல்ல தூக்கோணும். எப்படியாச்சும் வந்துருங்கப்பா.”

அன்று முழுக்க அண்ணன் ஒரு ஏரோகூட ஒட்டவில்லை. செக்கிங் ஹாலே கலங்கிப் போய்விட்டது.

விசாவுக்கான காகிதங்களை நான்தான் சேர்த்து ஃபைல் போட்டுக் கொடுத்தேன். “ஒருக்கா பாத்துட்டுத் தர்றேன் கண்ணு” என்று வாங்கிக்கொண்டார். பெயர்தானே பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துணைக்கு நானும் சென்னை போனேன். விசா ஆபீஸில் என்னை உள்ளே விடவில்லை, வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். அண்ணன் கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“ஃபைலைத் தொறந்ததும் கவுண்ட்டர்ல இருந்த அம்மிணி ஆடிப்போச்சு கண்ணு. என்ன சார் இது, எல்லாத்துலயும் செவப்பா அம்பு ஒட்டியிருக்குன்னு கேட்டுது.”

“அண்ணா! ஏரோ ஒட்டுனீங்களா?”

“பின்ன? கொறைய நாமளே காட்டீரோணுமல்ல? சரக்கு வாங்கற பையர் கண்டுபிடிச்சா மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு.”

போட்டோவில் ஒரு காது பெரிதாகத் தெரிகிறது, ஏரோ. ரேஷன் கார்டில் இனிஷியல் பின்னால் நிற்கிறது, ஏரோ. எல்லாவற்றுக்கும் மேலே, ‘இவர் விடுமுறை முடிந்து கண்டிப்பாகத் திரும்புவார்’ என்று முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தில், ‘கண்டிப்பாக’ என்ற இடத்தில் ஒரு ஏரோ.

“அடப்பாவி அண்ணா! அதுல ஏன்?”

“நாளைக்கு நடக்கறதைக் கண்டிப்பான்னு எப்படிங் சொல்றது? அந்த அம்மிணியும் அதத்தான் கேட்டுது. அப்ப திரும்பி வர மாட்டீங்களான்னு. வராம எங்கீங் போறது, என்ற டேபிள்ல அடுத்த ஷிப்மெண்ட் கெடக்குது, நானில்லீன்னா அத்தன ஓட்டையும் பெட்டீல ஏத்தி உட்ருவானுங்கன்னேன். சிரிச்சுட்டே ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்துட்டு வாங்கி வெச்சுக்குச்சு.”

அவ்வளவுதான், விசா காலி என்று முடிவு கட்டிவிட்டேன். ஊர் திரும்பிய பிறகு பாஸ்போர்ட் வரவே இல்லை. மகளுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கென்று நம் டெய்லர்கள் ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டைகளை எல்லாம் அண்ணன் ரிஜெக்ட் செய்தார். “பச்சப் புள்ளைக்குத் தையலு உள்ள உறுத்துமுங்க” என்று தானே மெஷினில் உட்கார்ந்து, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தார். நடுநடுவே வாட்ச்மேனைப் பார்த்து, “கொரியர் ஏதாச்சும்?” என்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

கடைசியில் வந்தே விட்டது. விசாவோடு! ஹாலில் ஒரே விசில். அண்ணன் அந்தப் பக்கத்தை ட்யூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “சித்தெ கோணலா ஒட்டியிருக்காங்களே...” என்றபடி கை சட்டைப் பைக்குள் போனது. பாய்ந்து போய் ஏரோ ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டேன். என் சர்வீஸில் அதைப்போல வேகமாக எந்த வேலையும் செய்ததில்லை.

கோயம்புத்தூர் ஏர்போர்ட் வாசலில், கழுத்திலிருந்த கட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். “இதோட உள்ள உட மாட்டாங்களாமா. பத்தரமா வெச்சுக்க கண்ணு.” வெறுங்கழுத்தோடு உள்ளே போனார்.

போய்ச் சேர்ந்த வாரமே வீடியோ கால். நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றி முண்டியடித்தோம். அண்ணன் கையில், அவர் தைத்த சட்டையில், ரோஜா நிறத்தில் ஒரு பேத்தி. டெய்லர் அக்கா ஒருத்தி குறும்பாகக் கேட்டாள்: “ஏனுங்ணா, செக் பண்ணிட்டீங்களா?”

“முன்னாடி, பின்னாடி, வெரல் நகம் வரைக்கும் பாத்துட்டேனுங்க.” அண்ணனின் குரல் உடைந்தது. “ஒரு ஏரோ ஒட்ட எடமில்லீங்க. அம்புட்டு நல்லாருக்கு.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அப்போதுதான் கேட்கிறோம்.

கட்டர் இன்னும் என் மேஜை ஆணியில்தான் தொங்குகிறது. எங்கள் சரக்கில் பிசிறு ஏகமாகச் சேர்ந்துவிட்டது, அண்ணா. பேத்தியைக் கொஞ்சியது போதும், சீக்கிரம் வந்து திட்டுங்கள்.