நாலு பொட்டலமும் ஒரு கணக்கு டீச்சரும்

படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத்தான் அடுத்தவர் படிப்பைப் பற்றி அபிப்பிராயம் ஜாஸ்தி. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவைக் கண்டு பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (எக்ஸ் என்றால் என்ன சார் என்று கேட்டேன். "அதைத்தான்டா கண்டுபிடிக்கணும்" என்றார் வாத்தியார். அவருக்கே தெரியாததை நான் எங்கே போய்த் தேடுவது?) அப்பேர்ப்பட்ட மேதைதான், என் தங்கை கற்பகம் எந்தப் படிப்புப் படித்துக் கணக்கு டீச்சராவது என்று முடிவு செய்யக் கிளம்பினேன்.

அப்பா இல்லாத வீடு. மளிகைக் கடையும் கவலைப்படுவதும் என் பொறுப்பு. கடையைச் சுமாராகத்தான் கவனித்தேன். கவலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கற்பகம் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். உள்ளூர் டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் படித்தால் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வேலூர் காலேஜில் பி.யு.சி., கணக்கில் பி.எஸ்ஸி., அதற்கும் மேல் பி.டி. என்று போனால் ஹைஸ்கூல் டீச்சர். வேலூர் என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் சோறு சேராமல் காய்ச்சல் வந்தால்? டிரெயினிங் என்றால், "உங்களாலதான் ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்" என்று பின்னால் அழுதால்? விண்ணப்பம் அனுப்பும் கெடுவோ முடியப்போகிறது. பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனேன்.

மூளை உள்ளவன் இரண்டு பூவை இரண்டு பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பான். எனக்கோ, இரண்டுமே தப்பாகிவிட்டால் என்ற பயம். மெட்ராஸ் காலேஜுக்கு ஒன்று, 'இந்த வருஷம் எதுவும் வேண்டாம்' என்பதற்கு ஒன்று என வேறு இரண்டு பூவையும் சேர்த்துக் கட்டினேன்.

பிள்ளையார் சந்நிதிக் குருக்கள் பார்த்துவிட்டு, "என்னய்யா, பூக்கடை போடப்போறியா?" என்றார்.

கற்பகம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மரிக்கொழுந்து.

"மரிக்கொழுந்துன்னா எதுண்ணே?"

மெட்ராஸா, வேண்டாமா? வாசனை ஜம்மென்று வந்தது, ஞாபகம் வரவில்லை.

"இரு, யோசிக்கிறேன்."

"யோசிக்காம இருக்கத்தானே இங்க வந்தோம்!"

பின்னால் நின்றவர், "சீக்கிரம் ஆகட்டும்ங்க. எனக்குக் கல்யாண விஷயம், அதுக்கே ரெண்டுதான் கட்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"மறுபடி கட்டிட்டு வந்துடறேன்" என்று பொட்டலங்களைப் பொறுக்கினேன்.

"நில்லுய்யா" என்றார் குருக்கள். "படிக்கப் போறது யாரு?"

"இவதாங்க."

"இவ எது கேக்கறா?"

சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் கண்டக்டரைக் கேட்டிருந்தேன், தபால்காரரைக் கேட்டிருந்தேன், கடைக்கு மிளகாய் போடுகிற ஆளைக்கூட விடவில்லை. அவளைக் கேட்கவே இல்லை.

"வேலூர்தாங்க" என்றாள் கற்பகம், என்னைப் பார்க்காமலே. "ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்கணும். எங்கண்ணன் மாதிரி தப்பிச்சு ஓடறதுங்களைப் பிடிச்சு உக்கார வைக்கணும்."

"அப்புறம் என்னய்யா? பிள்ளையாருக்கு வேற வேலையிருக்கு, நகரு."

வேலூருக்குப் போனாள். காய்ச்சல் வந்தது எனக்குத்தான். பி.டி.யும் முடித்து நம்மூர் ஹைஸ்கூலிலேயே கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது, "நீங்க கடையிலேயே இருங்கண்ணே, யாருன்னு நானே சொல்லிடறேன்" என்றாள். சொல்லியும் விட்டாள்.

இப்போதும் வீட்டில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், என் மனைவி முதல் வேலையாக என் கையில் பையைத் திணித்து, "போய்க் கத்திரிக்காய் வாங்கிட்டு வாங்க" என்கிறாள். வாயை மூடிக்கொண்டு போகத்தான் பார்க்கிறேன். முடிகிறதா? வாசற்படி தாண்டுவதற்குள் திரும்பி, "முள்ளுக் கத்திரியா, சாதாவா?" என்று கேட்டுத் தொலைக்கிறேன்.

உள்ளே சிரிப்பு அடங்க நேரமாகிறது.